மேலக்கா விழுங்காத மாத்திரைகள்

மேலக்கா என்ற பேர் வந்ததில் ரகசியம் ஒன்றும் இல்லை. கட்டடம் எழும்பும் இடத்தில் இருநூறு பேர் கீழே இருப்பார்கள், அவள் ஒருத்தி மேலே இருப்பாள். அறுபது மீட்டர் உயரத்தில், கோபுரக் கிரேனின் உச்சியில், ஒரு ஆள் கால் நீட்ட முடியாத கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்து, கம்பிக்கட்டும் கான்கிரீட்டுமாகத் தூக்கித் தூக்கி வைப்பாள். காலை ஏழு மணிக்கு ஏணியில் கால் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் மறுபடி தரையில் கால் படும். சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி யோசித்துத்தான் திரும்புவாள்.

இருபத்து நாலு வயதில் செங்கல் சுமக்க வந்தவள். பத்துப் பெண்கள் ஒரு காலைப்பொழுது முழுக்கச் சுமந்ததை ஒரு இரும்புக் கை ஒரே தூக்கில் மூன்றாம் தளத்துக்குக் கொண்டுபோய் வைப்பதைப் பார்த்தாள். அன்றைக்கே மனசு மேலே ஏறிவிட்டது, உடம்பு ஏறத்தான் ஆறு வருஷம் ஆனது. பயிற்சி முடிந்த அன்று, "உயரம்னா பயமில்லையா?" என்று தேர்வு வைத்தவர் கேட்டாராம். "கீழ இருந்தப்பதாங்க பயம். மேல இருந்து எது தலையில விழும்னு தெரியாது" என்றாளாம். அந்தப் பதிலுக்கே தேர்ச்சி போட்டிருக்கலாம், ஆனால் மனிதர் மூன்று தடவை ஓட்டிக் காட்டச் சொல்லித்தான் விட்டார்.

மேலே இருப்பவளுக்குக் கீழே ஒரு ஜோடிக் கண் வேண்டும். அது விசில் என்று எல்லாரும் கூப்பிடுகிறவன். வாக்கி-டாக்கி வராத காலத்தில் வாயில் விசிலை வைத்துக்கொண்டு கிரேனுக்குச் சைகை காட்டிய ஆள். இப்போதும் அந்த விசில் கழுத்தில் தொங்குகிறது, ஊதுவதுதான் இல்லை. ஐம்பது வயசு, முழங்கால் வலி, வாய் ஓயாது. பதினோரு வருஷமாக இருவரும் சேர்ந்தே இடம் மாறி இடம் மாறி வேலை பார்க்கிறார்கள். தரையில் நின்றால் எலியும் பூனையும்தான். வாக்கி-டாக்கியில் மட்டும் வேறு ஆட்கள்.

அவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கீழே இருப்பவர் சொன்னதை மேலே இருப்பவர் அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். "வலது சுத்து" என்றால் "வலது சுத்து" என்று பதில் வந்த பிறகுதான் கிரேன் அசையும். பதில் வரவில்லையா, எல்லாம் நிற்கும். அந்த வாக்கி-டாக்கிக் கருவியில் கிண்டல் கிடையாது, பொய் கிடையாது. பதினோரு வருஷத்தில் இரண்டு பேரும் அதை மீறியதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் ஆண்டுப் பரிசோதனையில் மேலக்காவுக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்தது. இரண்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், ஒன்று வெள்ளை, ஒன்று ரோஸ். ஒன்று உடம்பில் தேவைக்கு மேல் இருக்கும் உப்பையும் நீரையும் வெளியேற்றும், இன்னொன்று இதயம் கண்டபடி ஓடாமல் பிடித்து வைக்கும் என்று டாக்டர் குனிந்து எழுதிக்கொண்டே சொன்னார். எது எது என்று அவள் காதில் விழவில்லை. பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது யார் திருப்பிக் கேட்பது? அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். கருவியில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பிச் சொல்லாமல் விடாதவள், உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தைத் திருப்பிக் கேட்காமல் வந்தாள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

முந்தைய இடங்களில் கிரேன் உயரம் குறைவு. மாத்திரை போட்ட இரண்டு மணி நேரத்தில் ஒன்றுக்கு முட்டும், இறங்கி ஏறிவிடுவாள். இந்தப் புது இடத்தில் ஏணிப்படி மட்டும் இருநூறு. மற்ற கிரேன்களில் இருக்கும் ஆண்கள் ஒரு பாட்டிலை வைத்துக்கொண்டு காரியத்தை முடித்துக்கொள்வார்கள். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த கேபினில் இவள் என்ன செய்வாள்? தண்ணீர் குடிப்பதை நிறுத்தினாள். வெயிலில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அப்படியும் ஒரு நாள் அடக்க முடியாமல் இறங்கும்போது, ஏணியில் நின்று இளைப்பாறும் தட்டுகளில் இன்னும் ஒன்று மிச்சம் இருக்கும்போதே உடை நனைந்துவிட்டது. தண்ணி பாட்டில் சாய்ந்துவிட்டது என்று சொல்லிச் சமாளித்தாள். விசில் தலையைத் திருப்பிக்கொண்டான். அவன் திருப்பிக்கொண்டதுதான் அவளுக்கு உள்ளுக்குள் அறுத்தது.

அந்த வாரமே மருந்தகத்தில் அழுத்தம் பார்த்தாள். நூற்று இருபத்து நாலுக்கு எண்பது. பார்த்த நர்ஸ், ரொம்ப நல்லா இருக்கு என்று சிரித்தாள். மேலக்கா வீட்டுக்கு நடந்த வழியெல்லாம் கணக்குப் போட்டாள். பாரத்தை இறக்கி வைத்தாகிவிட்டது, இனி கொக்கி எதற்கு? மாட்டியே வைத்திருந்தால் அடுத்த வேலை எப்படி நடக்கும்? அவள் தொழிலில் அது சரியான கணக்கு. இறக்கி வைத்தது போலத் தெரிந்த பாரத்தை அந்த மாத்திரைகள்தான் இன்னும் தாங்கிப் பிடித்திருக்கின்றன என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. நீர் பிரிய வைக்கும் ஒன்றை மட்டும் நிறுத்தலாம் என்றால் எது என்று தெரியாது. இரண்டையும் நிறுத்தினாள்.

வீட்டில் ஒரு காவல் இருந்தது. அவள் புருஷன் சாவி செய்பவர், கடைத்தெரு முனையில் பெட்டி போட்டு உட்கார்ந்திருப்பார். பூட்டைப் பார்க்கும் கண்ணால்தான் எல்லாவற்றையும் பார்ப்பார். காலையில் தேநீர் குடிக்கும்போது மாத்திரை அட்டையை எடுத்து, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வைப்பார். அதனால் மேலக்கா தினமும் இரண்டையும் அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்தாள், வாயில் போடவில்லை. தூக்கி எறியவும் மனசு வரவில்லை, மருந்தாயிற்றே. பழைய பவுடர் டப்பாவில் போட்டு மூடி, மடித்து வைத்த சேலைகளுக்கு அடியில் வைத்தாள்.

முதல் இரண்டு நாள் சொர்க்கம். மேலே உட்கார்ந்து ஆசை தீரத் தண்ணீர் குடித்தாள், மதியம் வரைக்கும் ஒன்றும் முட்டவில்லை. இத்தனை நாள் வீணாக அவதிப்பட்டோமே என்றிருந்தது. மூன்றாம் நாள் பின்மண்டை கனத்தது. நாலாம் நாள் ஏணியில் பாதி ஏறும்போதே நெஞ்சு படபடத்தது, தட்டில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். வெயில்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தெரிந்தே சொன்ன சமாதானம் அது. ஒரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று தோன்றியபோது, நனைந்த உடையோடு நின்றது ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டது.

ஆறாம் நாள் காலை, வேலை தொடங்குவதற்கு முன் விசில் கருவியில் வழக்கமானதைக் கேட்டான். கொக்கி காலி, காற்று சரி, பிரேக் சரி. எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். பிறகு அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "என்னக்கா, மூச்சு வாங்குது. உடம்பு சரியா?" என்றான்.

மூச்சை அடக்கிக்கொண்டு கருவியை அழுத்தினாள்.

"உடம்பு சரி."

அந்தக் கருவியில் அவள் சொன்ன முதல் பொய் அது. சொன்னதும் வாய் கசந்தது.

பத்தரை மணிக்கு வார்த்து வைத்த கான்கிரீட் படிக்கட்டு ஒன்றைத் தூக்க வேண்டியிருந்தது. மூன்று டன். பதினோராம் தளத்தில், படிக்கட்டுக்காகத் திறந்து விட்டிருந்த படிக்குழிக்குப் பக்கத்தில் இரண்டு ஆட்கள் அதைப் பிடித்து உட்கார வைக்கக் காத்திருந்தார்கள். தரையிலிருந்து தூக்கும் வரைக்கும் ஒன்றும் இல்லை. "வலது சுத்து" என்றான் விசில். "வலது சுத்து" என்று கைப்பிடியைத் தள்ளி நாலாம் வேகத்துக்குக் கொண்டுபோனாள். கிரேனின் கை படிக்கட்டைத் தூக்கிக்கொண்டு வானத்தில் திரும்பத் தொடங்கியது.

அப்போதுதான் அது வந்தது. இதயம் திடீரென்று கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியது. காதுக்குள் தடதடவென்று அடித்த அடியில் கருவியின் சத்தம் மூழ்கிப்போனது. நெஞ்சின் நடுவில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது, இடது தோள் மரத்தது, கண்ணுக்கு முன்னால் கண்ணாடி வெளுத்தது. கீழே பதினோராம் தளத்தில் இரண்டு மஞ்சள் தொப்பிகள் தெரிந்தன. படிக்கட்டு அந்தத் தொப்பிகளை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது.

கைப்பிடியை விட்டுவிட வேண்டும் என்று உடம்பு முழுக்கக் கெஞ்சியது. விட்டால் கிரேன் தானாகவே நின்றுவிடும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். ஆனால் நிற்பது கிரேன்தான். நாலாம் வேகத்தில் வந்த மூன்று டன் கயிற்றில் ஊஞ்சலாடிக்கொண்டு போய் அந்த இரண்டு பேரையும் படிக்குழிக்குள் வழித்துத் தள்ளிவிடும். பழக வருகிற பிள்ளைகளிடம் அவள் தொண்டை கிழியக் கத்துவது இந்த ஒரே விஷயத்துக்காகத்தான். ஓட்டத்தில் இருப்பதைப் பட்டென்று விடாதே.

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றுக்கு இழுத்தாள். பாரம் முன்னால் போகப் பார்த்தது, கிரேனின் கையும் கூடவே போனது, ஆட்டம் அடங்கியது. உள்ளங்கை வேர்த்து வழுக்கியது. இரண்டு. தொப்பிகளின் முகம் தெரிந்தது, ஒருவன் கையை நீட்டிக்கொண்டு சிரித்தான், ஏதோ பேசிக்கொண்டிருந்தான் பாவி. நெஞ்சு இறுகியது. ஒன்று. விரலை எடுக்காமல் மனசுக்குள் ஐந்து வரை எண்ணினாள். பிறகுதான் நிறுத்தினாள். படிக்கட்டு அந்த இரண்டு பேருக்கு நாலு மீட்டர் முன்னால் அசையாமல் தொங்கியது.

"மெல்ல" என்று விசில் இரண்டு தடவை சொல்லியிருக்கிறான், இரண்டு தடவையும் பதில் வரவில்லை. மூன்றாம் தடவை அவன் சொல்லவில்லை. பல வருஷமாக ஊதாத விசிலை வாயில் வைத்து ஊதினான். அந்தச் சத்தம் அவள் காதின் தடதடப்பைத் தாண்டி உள்ளே போனது. பதினோராம் தளத்தில் இருந்த இரண்டு பேரும் திடுக்கிட்டுப் பின்வாங்கி ஓடினார்கள்.

"அக்கா, ஆள் விலகியாச்சு. நேர் கீழ தளம் காலி. மெல்ல இறக்கு" என்றான். சொற்கள் ஒவ்வொன்றாகத் தெளிவாக வந்தன.

"மெல்ல இறக்கு" என்றாள் அவள். படிக்கட்டு தளத்தில் உட்கார்ந்தது, கயிறு தளர்ந்தது. அதற்கப்புறம் அவனே எதிர்பார்க்காத ஒன்றைக் கருவியில் சொன்னாள்.

"உடம்பு சரியில்ல. காலையில பொய் சொன்னேன்."

மீட்புப் பட்டையோடு ஆட்கள் ஏறினார்கள். அவர்களுக்கு முன்னாலேயே ஏணியைப் பிடித்தவன் விசில். பதினோரு வருஷத்தில் கிரேனில் ஒரு படி ஏறாதவன், உயரம் என்றால் அவனுக்கு ஆகாது, அது ஊருக்கே தெரியும். இரண்டு தட்டு ஏறியவன் மூன்றாவதில் ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல் நின்றுவிட்டான். மீட்க வந்தவர்கள் அவனைச் சுற்றிக்கொண்டு ஏறி மேலக்காவை இறக்கினார்கள், அப்புறம் மறுபடி ஏறி அவனையும் இறக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் இதைச் சொல்லி அவனைக் கேலி செய்கிறார்கள். மேலக்கா மட்டும் செய்வதில்லை.

மருத்துவமனையில் அழுத்தம் இருநூற்றுப் பத்துக்கு நூற்றுப் பதினெட்டு, நாடி நிமிஷத்துக்கு நூற்று முப்பத்திரண்டு. நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். கட்டில் பக்கத்தில் நின்ற டாக்டரம்மா என்ன மாத்திரை, எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார்.  மேலக்காவுக்குப் பதிலாகப் புருஷன் முன்னால் வந்தார். செய்தி கேட்டதும் மாத்திரை அட்டையையும் மாற்றுச் சேலையையும் எடுக்கப் போனவர் கையில் பவுடர் டப்பா கிடைத்திருந்தது. அதைத் திறந்து கட்டிலின் விரிப்பில் கவிழ்த்தார். ஆறு வெள்ளை, ஆறு ரோஸ்.

"தினமும் தடவிப் பார்த்தேனே" என்றார். "ஓட்டையைத்தானே பார்த்தேன்."

அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் மேலக்கா அழுதாள். நெஞ்சு வலிக்குக்கூட அழாதவள்.

டாக்டரம்மா கோபக்காரர். ஆனால் அன்று கோபப்படவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாரடைப்பு இல்லை, மயிரிழையில் தப்பினீர்கள் என்றார். வெள்ளை மாத்திரையை எடுத்துக் காட்டி, நாலு வருஷமாக இதுதான் உங்கள் இதயத்தைப் பிடித்து வைத்திருந்தது, இது பிடித்திருந்ததால்தான் இத்தனை நாள் அளவு அழகாக வந்தது, ஒரே நாளில் பிடியை விட்டதும் அது முன்பைவிட வேகமாக ஓடிவிட்டது என்றார். ரோஸ்தான் நீர் பிரிய வைப்பது. ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டபோது மேலக்கா புருஷனை வெளியே போகச் சொல்லிவிட்டு, இருநூறு படியையும் நனைந்த உடையையும் சொன்னாள். முதல் தடவையாக அதை ஒரு ஆளிடம் சொன்னாள்.

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். இதைச் சொல்லியிருந்தால் ரோஸை அன்றைக்கே மாற்றியிருப்பார்களே என்றார். நீர் பிரிய வைக்காத வேறு மாத்திரை இருக்கிறது, இதோ எழுதுகிறேன். வெள்ளை இப்போதைக்குத் தொடர வேண்டும். பிற்பாடு உப்பைக் குறைத்து, எடை குறைந்து, வீட்டில் எழுதி வைக்கும் அளவுகள் மாதக்கணக்கில் நன்றாக இருந்தால், அதையும் விட முடியுமா என்று பார்க்கலாம்.

"ஆனா எப்படி விடுறதுன்னு..." என்று அவர் ஆரம்பித்ததும் மேலக்கா முந்திக்கொண்டாள்.

"நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு. ஒவ்வொண்ணுலயும் நின்னு பார்த்துட்டு."

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. விளக்கியதும் புரிந்தது. அதேதான் என்றார், ஆனால் கைப்பிடி உங்கள் கையில் இல்லை, எவ்வளவு குறைப்பது, எத்தனை வாரம் நின்று பார்ப்பது என்பதை நான்தான் சொல்வேன். நடுவில் படபடப்போ நெஞ்சுவலியோ தாங்காத தலைவலியோ வந்தால் வெயில் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் ஓடி வர வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. மேலக்கா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னாள்.

வேலையிடத்தில் பாதுகாப்பு அதிகாரி கேபின் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். அவள் பயந்தது இதற்குத்தான். கேபின் இருக்கை போய்விட்டால் அப்புறம் அவள் யார்? ஆறு வாரம் தரையில், விசிலுக்குப் பக்கத்தில் நின்றாள். மேலே வேறொருவன் ஓட்டினான். அவன் கைப்பிடியை ஒரு தடவை பட்டென்று விட்டபோது அவள் கத்திய கத்தலுக்குப் பக்கத்துத் தெருவில் ஜன்னல் திறந்தது. அதிகாரியிடமும் படியையும் மாத்திரையையும் சொன்னாள். அவர் காது சிவந்து, காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பி, பத்து மணிக்கு இருபது நிமிஷம் கிரேன் நிற்கும், எல்லா கிரேனும் நிற்கும் என்று எழுதிப் போட்டார். ஒரு வாக்கியத்தில் தீர்ந்துபோன விஷயம் இது. அந்த வாக்கியம் அவள் வாயிலிருந்து வர ஒரு உயிர் போய்த் திரும்ப வேண்டியிருந்தது.

ஏழாம் வாரம் டாக்டரம்மாவின் கடிதத்தோடு சாவி திரும்பக் கிடைத்தது. அன்று காலை வீட்டில் ஒரே பரபரப்பு. கடிதத்தைப் பையில் வைத்தாளா, தொப்பியை எடுத்தாளா என்று புருஷன் நாலு தடவை கேட்டார். ஏணியின் ஒவ்வொரு தட்டிலும் நின்று ஏறினாள். கேபினில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, அதையும் துடைத்துக்கொண்டாள்.

"கொக்கி காலி" என்றான் விசில்.

"கொக்கி காலி."

"காத்து சரி."

"காத்து சரி."

"பிரேக் சரி."

"பிரேக் சரி."

கருவி கொஞ்சம் கரகரத்தது.

"மாத்திரை போட்டாச்சு."

பொதுக் கருவி அது. கீழே கம்பி கட்டுபவர்களிலிருந்து வாசல் காவலாள் வரைக்கும் எல்லாருக்கும் கேட்கும். மேலக்கா திருப்பிச் சொல்ல வாயைத் திறந்தாள். காலையின் பரபரப்பை ஒரு தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தாள். தேநீர் குடித்தது ஞாபகம் இருந்தது, தொப்பியும் கடிதமும் ஞாபகம் இருந்தது. அட்டையைப் பிரித்தது ஞாபகம் இல்லை. பையைத் துழாவினாள். அட்டை உள்ளே இருந்தது, புருஷன் பேனாவால் எழுதி வைத்த இன்றைய தேதிக்கு எதிரே ஓட்டை விழாமல்.

முதல் நாள், முதல் தூக்கு, இருநூறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாவி கொடுத்த அதிகாரியும் அங்கேதான் நின்றார். திருப்பிச் சொல்லிவிட்டால் ஒரு ஆளுக்கும் தெரியப்போவதில்லை.

"போடல" என்றாள் மேலக்கா. "கையில இருக்கு. ரெண்டு நிமிஷம் நில்லு."

கீழே யாரும் சிரிக்கவில்லை. விசில் இரண்டு கையையும் விரித்து எல்லாரையும் நிறுத்தினான். அவள் மாத்திரைகளைப் பிதுக்கி வாயில் போட்டு, பாட்டிலைத் திறந்து பாதித் தண்ணீரை மடமடவென்று குடித்தாள். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு கருவியை எடுத்தாள்.

"மாத்திரை போட்டாச்சு" என்றாள். அதற்குப் பிறகுதான் கிரேன் அசைந்தது.